யானைக்கு அஞ்சு சென்ட்!

அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி என்கிற ஊரில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். அண்ணன் முறை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தவறாமல் போன் பண்ணுவார். முதல் கேள்வி, "அங்கே மழை உண்டா?" இரண்டாவது கேள்வி, "உனக்கு எதாச்சும் அமைஞ்சுதாடா?" இரண்டுக்கும் பல வருஷமாக என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அதை நீங்களே யூகித்திருப்பீர்கள்.

போன வாரம் இரண்டையும் கேட்கவில்லை. "டேய், நீ பி.காம்.தானே? ஒரு பில் அனுப்பியிருக்கேன், பாரு" என்றார்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வாசலுக்கு வந்தேன். எங்கள் தெருவிளக்கு எரிவதை நிறுத்தி நாலு மாசம் ஆகிறது. அந்தக் கும்மிருட்டில் செல்போன் வெளிச்சத்தில் பில்லைப் படித்தேன். ஒரு ஜோடி ஷூ. விலை 40 டாலர். கட்டியது 43 டாலர் 45 சென்ட்.

"பில்லு சரியாத்தானேண்ணே இருக்கு? மேலே மூணு டாலர் நாப்பத்தஞ்சு சென்ட், சேல்ஸ் டாக்ஸ்."

"அதுல அஞ்சு சென்ட் யானைக்குப் போகுதுடா!"

எனக்கு ராத்திரி ஒன்பது என்றால் அவருக்குக் காலை நேரம். வேறு மாதிரி சந்தேகப்படவும் வழியில்லை.

விசாரித்துப் பார்த்தேன். நிஜம்தான் ஸார். அந்த மூணே சொச்சம் டாலரைப் பிரித்தால் கதை இப்படிப் போகிறது. 1 டாலர் 80 சென்ட் மாநில அரசுக்கு. மீதி 1 டாலர் 65 சென்ட் மாநகராட்சிக்கு. அதில் 90 சென்ட் அன்றாடச் செலவுக்கு. 30 சென்ட் போலீஸுக்கும் தீயணைப்புக்கும். 40 சென்ட் ‘மேப்ஸ்’ என்கிற நகர மேம்பாட்டுத் திட்டத்துக்கு. பாக்கி அஞ்சு சென்ட்? மிருகக்காட்சி சாலைக்கு! யானை, ஒட்டகச்சிவிங்கி, குரங்கு எல்லாம் அதில் பங்காளிகள்.

(ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தப் பக்கத்தில் சென்ட் என்றால் புறநகரில் கூவிக் கூவி விற்கிற நிலமும் இல்லை, சட்டையில் அடித்துக்கொள்கிற வாசனையும் இல்லை. டாலரில் நூறில் ஒரு பங்கு. ‘ஒரு சென்ட் வரி’ என்றால் டாலருக்கு ஒரு சென்ட். அதாவது ஒரு சதவீதம்.)

நம் ஊரில் எம்.ஆர்.பி. என்று போட்டு ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று அச்சடித்துவிடுவார்கள். ஊசி போட்டதே தெரியாது. அங்கே அட்டையில் ஒரு விலை, கவுன்ட்டரில் ஒரு விலை. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், மாநகராட்சி எடுத்துக்கொள்கிற அந்தப் பங்கை ஊர் ஜனங்களே க்யூவில் நின்று ஓட்டுப் போட்டுப் போட்டுக்கொண்டது! போலீஸ், தீயணைப்புக்கு 1989-ல் ஓட்டு. யானைக்கு 1990-ல் ஓட்டு. அன்றாடச் செலவுக்குக் கூடுதலாகக் கால் சென்ட், 2017-ல் ஓட்டு.

‘எனக்கு வரி போடு’ என்று யாராவது ஓட்டுப் போடுவார்களா? நான் பி.காம். படித்த மூன்று வருஷத்தில் இப்படி ஒரு பாடமே கிடையாது. எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வரியை எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான். யாரைக் கேட்டுப் போடுவது என்று சொல்லித் தரவில்லை.

சென்னை ராஜதானியில் பொது விற்பனை வரியை 1939-ல் கொண்டுவந்தவர் ராஜாஜி. மதுவிலக்கால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்த வரி. வந்தது வந்ததுதான். பெயரும் சதவீதமும் மாறி, 2017 ஜூலையில் பெரும்பகுதி ஜி.எஸ்.டி.யில் கலந்தது. நடுவில் ஒருநாளும் நம் தாத்தாவிடமோ அப்பாவிடமோ, "சம்மதமா?" என்று சீட்டுக் கொடுத்து யாரும் கேட்டதில்லை. நாம் ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவோம். வரிக்குப் போட்டதில்லை.

ஓக்லஹோமாவில் வேறு வழி இல்லை. அந்த மாநிலச் சட்டப்படி நகராட்சிகள் வீட்டு வரியை எடுத்து அன்றாடச் செலவு செய்ய முடியாது. அது கடன் பத்திரங்களை அடைப்பது மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். ஆக, போலீஸ்காரர் சம்பளமும் பூங்காவுக்குத் தண்ணீரும் முக்கியமாக ஜனங்கள் கடைக்குப் போவதை நம்பித்தான். அதுவும் எந்த ஊர்க் கடையில் வாங்குகிறீர்களோ அந்த ஊருக்குத்தான் காசு. எங்கள் அண்ணி பக்கத்து ஊரான எட்மண்டில் போய் ஷாப்பிங் செய்கிற கட்சி. "அண்ணி யானை வயித்துல அடிக்கறாங்க" என்றேன். பின்னணியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

சரி, அந்த 40 சென்ட் மேப்ஸ் கதைக்கு வருவோம். சினிமாவுக்கான கதை அது.

1991. யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானங்களைப் பழுதுபார்க்க ஒரு பிரம்மாண்டமான பணிமனை கட்ட இடம் தேடியது. பல ஊர்கள் போட்டி போட்டன. ஓக்லஹோமா சிட்டி ஜனங்கள் ‘நம் ஊருக்கு வந்தால் தருகிறோம்’ என்று விற்பனை வரியையே வரதட்சணையாக ஓட்டுப் போட்டு எடுத்து வைத்தார்கள். மாப்பிள்ளை இண்டியானாபோலிஸுக்குப் போய்விட்டார்! மேயர் ரான் நோரிக் காரணம் கேட்டார். பணத்தில் குறை இல்லையாம். ஊர்தான் பிடிக்கவில்லையாம். சாயந்திரம் ஆனால் நடுநகரத்தில் ஈ, காக்காய் கிடையாது. குடும்பத்தோடு வந்து வாழ்வதற்கு அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘வீடு வெள்ளையடிக்கலையே’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது மேயருக்கு. இண்டியானாபோலிஸுக்கே போய்ப் பார்த்தார். அங்கே நடுநகரம் ஜே ஜே என்று இருந்தது. ‘இனிமேல் கம்பெனிக்காரனுக்குக் கொடுக்க வேண்டாம், நமக்கு நாமே செலவு செய்துகொள்வோம்’ என்று முடிவு செய்தார். (அந்த இண்டியானாபோலிஸ் பணிமனையை விட்டு யுனைடெட் 2003-ல் வெளியேறியது. வரதட்சணை கல்யாணத்தின் லட்சணம்.)

1993 டிசம்பர் 14. ஒரே ஓட்டுச்சீட்டு. ஒரு சென்ட் வரி. ஐந்து வருஷம். பதிலுக்கு ஒன்பது வேலைகள். பேஸ்பால் மைதானம், நடுநகரில் கால்வாய், உள்ளரங்கம், நூலகம், இசை மண்டபம் புதுப்பிப்பு, ஆற்றில் தடுப்பணைகள் என்று லிஸ்ட். ‘நூலகம் வேண்டும், பேஸ்பால் வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. ஃபுல் மீல்ஸ் டோக்கன். கூட்டு பிடிக்காவிட்டாலும் இலையில் விழும். எண்ணிப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 54 பேர் ‘சரி’. சொற்ப மதிப்பெண்ணில் பாஸ்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, கடன் வாங்கவில்லை. காசு சேரச் சேர வேலை. நம் பாஷையில் சொன்னால் ஈ.எம்.ஐ. போட்டு பைக் வாங்காமல், ஆர்.டி. கட்டி வாங்குவது. இரண்டு, வரிக்கு முடிவுத் தேதி உண்டு. பால் பாக்கெட்டில் போடுகிற மாதிரி!

நினைத்தபடி எல்லாம் நடக்கவில்லை. செலவு எகிறியது, வேலை இழுத்தது. நடுவில் 1995 ஏப்ரல் 19 அன்று அந்த ஊரின் மத்திய அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். ஊரே நொறுங்கிப்போன நேரம். ஆனாலும் வரியும் வேலையும் நிற்கவில்லை. 1998-ல் பேஸ்பால் மைதானம் திறந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், "காசு பற்றவில்லை, இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கலாமா?" என்று மறுபடி ஓட்டு. ஜனங்கள் சரி என்றார்கள். கண்ணுக்கு எதிரே ஒரு வேலை முடிந்து நிற்கிறதல்லவா? பாதிக் கல்யாணத்தில் பந்தலைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்?

அந்த ஊர் ஆற்றைப் பற்றி ஒரு பழைய ஜோக் உண்டு. உலகத்தில் ஆற்றில் குளிப்பார்கள், மீன் பிடிப்பார்கள். ஓக்லஹோமா சிட்டியில் மட்டும் ஆற்றுக்குப் புல் வெட்டுவார்கள்! தண்ணீர் இல்லாமல் வருஷத்துக்குச் சில தடவை மெஷின் விட்டுப் புல் வெட்ட வேண்டியிருந்ததாம். நம்மூர் ஆறுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மேப்ஸ் காசில் தடுப்பணை கட்டி ஏழு மைல் தண்ணீர் நிறுத்தினார்கள். இன்றைக்கு அதில் படகுப் போட்டி நடக்கிறது. கரையோரம் இன்னொரு மேப்ஸ் காசில் செயற்கை நீர்ச்சுழல் ஓடை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் கானோ ஸ்லாலம் பந்தயத்தை அங்கேதான் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். புல் வெட்டின இடத்தில் ஒலிம்பிக்!

கேட்கப் புல்லரிக்கிறது இல்லையா? எனக்கும் அரித்தது. அதனால்தான் கொஞ்சம் சொறிந்து பார்த்தேன்.

முதல் சந்தேகம்: முடிவுத் தேதி வந்ததும் வரி நிஜமாகவே நின்றதா? 1999-ல் நின்றது. சத்தியமாக நின்றது. ஆனால் 2002 ஜனவரியில் பள்ளிக்கூடங்களுக்காக ஏழு வருஷம் என்று திரும்ப வந்தது. அது முடிந்ததும் உள்ளரங்கத்தைச் செப்பனிடப் பதினைந்து மாசம். அது முடிந்ததும் 2010-லிருந்து மேப்ஸ் 3. அது முடிந்ததும் ரோடு போட இருபத்தேழு மாசம். 2020 ஏப்ரலில் மேப்ஸ் 4, எட்டு வருஷம். அது 2028-ல் முடிந்ததும் புது உள்ளரங்கத்துக்கு ஆறு வருஷம். அதற்கு 2023 டிசம்பரிலேயே ஓட்டுப் போட்டு முடித்தாகிவிட்டது. ஒரு குடித்தனம் காலி செய்த அன்றைக்கே அடுத்த குடித்தனம் பால் காய்ச்சுகிற வீடு மாதிரி, 2002-லிருந்து அந்த ஒரு சென்ட் காலியாக இருந்ததே இல்லை.

இரண்டாவது: அந்தப் புது உள்ளரங்கம். குறைந்தபட்சம் 90 கோடி டாலர். அதில் ஆடப்போகும் தண்டர் கூடைப்பந்து அணியின் முதலாளிகள் போடுவது 5 கோடி. மீதி ஊர்க் காசு. நூற்றுக்கு 71 பேர் ‘சரி’ என்றார்கள். அணி 2025-ல் சாம்பியன் ஆனது வேறு விஷயம். ஆனால் கோடீஸ்வரர்களுக்கு மண்டபம் கட்ட, தக்காளி வாங்குகிறவர் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களும் அந்த ஊரிலேயே உண்டு. தப்பாகச் சொல்ல முடியாது.

தக்காளி என்றதும் மூன்றாவது வருகிறது. இங்கேதான் என் பி.காம். உபயோகப்படுகிறது. விற்பனை வரி ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாசம் 2,000 டாலர் சம்பாதிக்கிறவர் 1,000 டாலருக்குச் சாமான் வாங்குகிறார். ஒரு சென்ட் வரி 10 டாலர். சம்பளத்தில் அரை சதவீதம். மாசம் 10,000 டாலர் சம்பாதிக்கிற எங்கள் அண்ணன் மாதிரி ஆள் 2,500 டாலருக்கு வாங்குகிறார். வரி 25 டாலர். சம்பளத்தில் கால் சதவீதம்தான். தொகை பெரியவருக்கு அதிகம், சுமை சின்னவருக்கு அதிகம். மளிகைச் சாமானுக்கு மாநில அரசு தன் நாலரை சதவீதத்தை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. மாநகராட்சி தன் பங்கை எடுக்கவில்லை. எடுத்தால் போலீஸுக்கும் யானைக்கும் யார் படி அளப்பது?

நாலாவது: 2019-ல் மேப்ஸ் 4-க்கு ஓட்டுப் போட்டவர்கள் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. ஊர் ஜனத்தொகை இப்போது ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் பேர் கை தூக்க, எல்லோரும் பர்ஸைத் திறக்கிறார்கள்.

அண்ணன் கதை அதைவிட மோசம். பதினோரு வருஷமாக அந்த ஊரில் வரி கட்டுகிறார். சிட்டிசன் இல்லை என்பதால் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை.

"அப்புறம் எதுக்குண்ணே இவ்வளவு சந்தோஷமா யானைக் கதை சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்கே போகுதுன்னு தெரியுதேடா. ஊர்ல அப்பா கடை வெச்சிருந்தப்ப வருஷா வருஷம் சேல்ஸ் டாக்ஸ் கட்டினார். எதுக்குன்னு ஒருநாளும் அவருக்குத் தெரியாது. எம் பொண்ணு அந்த ஜூவுல யானையைப் பார்த்துட்டு, ‘அப்பா, இது நம்ம யானையா?’ன்னு கேட்டா. ஆமாம்னு சொன்னேன். பொய் இல்லையே?"

போனை வைத்துவிட்டு இருட்டிலேயே நின்றேன். எங்கள் தெருவில் யானை இல்லை. ஒரு விளக்கு இருந்தால் போதும். போன மாசம் இஸ்திரி போடுகிற பெரியவர் இந்த இருட்டில், தோண்டிப் போட்ட பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வலது கை. மூன்று வாரம் பெட்டி சூடாகவில்லை. எங்களுக்குச் சட்டை கசங்கியது. அவர் வீட்டில் உலை வைப்பதே கஷ்டமாயிற்று.

மறுநாள் காலை தெருமுனை டீக்கடையில் ஒரு தேர்தல் நடத்தினேன். கேள்வி இதுதான்: ‘டீக்கு ஒரு ரூபாய் கூடுதல், ஆறு மாசத்துக்கு மட்டும். பதிலுக்கு இந்தத் தெருவுக்கு விளக்கு, பள்ளத்துக்கு மூடி. சம்மதமா?’

கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஒரு ரூபா ஏத்தறதுக்கு எதுக்கு சார் ஓட்டு? போன மாசம் நானேதான் ஏத்தினேன். யாரைக் கேட்டேன்?"

நியாயம்தான். நாங்களும் ஒரு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிட்டோம்.

பதினோரு பேர் கை தூக்கினோம். எட்டுப் பேர் சம்மதம், மூன்று பேர் எதிர்ப்பு. எதிர்ப்பில் ஒருவர், "காசைக் கொடுத்தா விளக்கு வரும்னு என்ன நிச்சயம்?" என்றார். இன்னொருவர், "வீட்டு வரிதான் கட்டறோமே, அதுல போடட்டுமே" என்றார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்றாமவர் அன்றைக்குக் காசில்லாமல் கடன் டீ குடிக்க வந்தவர். அவருக்கு ஏற்றமே ஆகாது.

இஸ்திரிப் பெரியவர் கட்டுப் போட்ட கையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் ஒரு நாளைக்கு இரண்டு டீ. அவர் நாலு. காலையில் நின்றால் சாயந்திரம் வரை அந்த டீதான் அவருக்குத் தெம்பு. அதாவது என்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறவர், என்னைப் போல இரண்டு மடங்கு கட்டுவார். ராத்திரி காகிதத்தில் போட்ட கணக்கு எதிரே கிளாஸை ஏந்தி உட்கார்ந்திருந்தது.

"உங்க ஓட்டு என்ன பெரியவரே?"

"ஆறு மாசம் களிச்சு அந்த ஒரு ரூவாயைக் கொறப்பாங்களா தம்பி?"

ஓக்லஹோமாவில் ஒரு தடவை குறைத்ததையும், அப்புறம் குறைக்காததையும் சொன்னேன். மறைக்கவில்லை.

யோசித்தார். "ஒரு தபாவாச்சும் கொறச்சாங்கல்ல? ஒவ்வொரு தபாவும் வந்து கேக்கறாங்கல்ல? அப்ப நான் சம்மதம். ஆனா என்னிக்கு நிறுத்துவீங்கன்னு தேதியை அந்தச் செவுத்துல எளுதிப் போட்ரணும். பெயின்ட்டுல. சாக்பீஸ் கூடாது."

அவரையும் சேர்த்துத்தான் எட்டு. நூற்றுக்கு எழுபத்திரண்டு சொச்சம். மேப்ஸ் 4-க்கு விழுந்ததைவிட ஒரு இழை அதிகம்!

டீக்கடைத் தேர்தலுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. ரூபாய் வசூலிக்க எங்களுக்கு அதிகாரமும் கிடையாது. ஆனால் பதினோரு பேரும், எதிர்த்தவர்கள் உட்பட, ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பெரியவர் இடது கையால் போட்டார். மனுவில் நான் கேட்டிருப்பது இரண்டே விஷயம்: எங்கள் தெருவில் போன வருஷம் வசூலான வீட்டு வரி எவ்வளவு, அதில் இந்தத் தெருவுக்குச் செலவானது எவ்வளவு.

விளக்கு இன்னும் எரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் இருட்டில் நின்றுதான் பேசப் போகிறேன். மழை உண்டா, ஏதாவது அமைந்ததா என்று அண்ணன் கேட்பார். ஒரு மனு கொடுத்திருக்கிறேன் என்று சொல்வேன்.

பொண்ணு வீட்டுக்கா என்று கேட்காமல் இருக்க வேண்டும்.